தள்ளாட்டத்துக்குக் காரணம் கேளுங்கள்

லால்குடிப் பக்கம் வரப்பில் ஒருவர் தடுமாறி நடந்தால், "காலையிலேயே போட்டுட்டான்" என்றுதான் முதலில் பேச்சு வரும். முப்பது, நாற்பது வயதில் நடை தள்ளாடி, பேச்சும் குழறத் தொடங்கியவர்கள் பலர் இந்தப் பழியோடு வேலையையும் இழக்கிறார்கள். சிறுமூளை தேய்வதால் வரும் அட்டாக்ஸியா என்ற நோயாக இது இருக்கலாம்.

கண்ணைக் கவனியுங்கள். இரண்டு விரல்களைத் தள்ளித் தள்ளிப் பிடித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டென்று பார்க்கச் சொன்னால், நம் கண் தாவும். இந்த நோயின் ஒரு வகையில் கண் ஊர்ந்து போகும். அதனால் தலையைத் திருப்பிச் சமாளிப்பார்கள். மும்பை மருத்துவர்கள் நோஷிர் வாடியாவும் சுவாமியும் ஒன்பது குடும்பங்களில் இதைக் கண்டு 1971-ல் 'பிரெயின்' இதழில் எழுதினார்கள். அதைத்தான் இன்று எஸ்.சி.ஏ.2 (ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்ஸியா 2) என்கிறோம். 1996-ல் அதன் மரபணுவும் கண்டுபிடிக்கப்பட்டது. தமிழ்ச் சமூகம் ஒன்றில் எஸ்.சி.ஏ.1 மிகுதியாக இருப்பதை 2005-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இப்படிப் பரம்பரையாக வரும் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு.

வகை தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பரம்பரை வகைகள் பெரும்பாலானவற்றை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் எல்லாத் தள்ளாட்டமும் பரம்பரையல்ல. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் அளவு மீறினாலும் கருவிழி தானாக ஆடும், நடை தள்ளாடும். வைட்டமின் இ, பி12 குறைவு, தைராய்டு, மது என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல. அவற்றைத் தேடாமல் "நரம்புத் தளர்ச்சி" என்று டானிக் எழுதிக் கொடுப்பது பெரிய அநியாயம். வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து எக்சோம் என்ற மரபணுப் பரிசோதனை செய்து, "ஒன்றுமில்லை" என்ற அறிக்கையோடு நிம்மதியாகத் திரும்புகிறார்கள். மரபணுவில் ஒரே மூன்றெழுத்து திரும்பத் திரும்ப நீள்வதால் வருபவை எஸ்.சி.ஏ.1, 2, 3 போன்ற வகைகள். வழக்கமான எக்சோம் அதைத் தவறவிடக்கூடும். அதற்கென்று தனிப் பரிசோதனை உண்டா என்று திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை நரம்பியல் மருத்துவரிடமோ பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையிலோ கேளுங்கள்.

இந்த வகைகளில், பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் பேதமில்லை. அறிகுறி இல்லாத சிறு பிள்ளைகளுக்குப் பரிசோதனை வேண்டாம். வயது வந்தபின் அவர்களே முடிவு செய்யட்டும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணை, மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ், பார்க்கின்சன் "போன்ற" நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகள் என்கிறது. ஆகவே "அட்டாக்ஸியா பட்டியலில் இல்லை" என்று மட்டும் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புவது சரியல்ல. மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறை இருந்தால் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். ஒதுக்கீடு போன்ற பல சலுகைகளுக்கு 40 விழுக்காடு பாதிப்பு வேண்டும்.

அரசு வேலையில் இருப்பவர் நோயைக் காரணம் காட்டி ராஜினாமா எழுதிக் கொடுக்கவே கூடாது. அதே சட்டத்தின் 20(4) பிரிவின்படி பணியின்போது ஊனமடைந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. பழைய பணிக்குப் பொருந்தாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், பொருத்தமான பணி கிடைக்கும்வரையோ ஓய்வு வயதுவரையோ கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும்.