கமக்காரனின் ஞானம்

ஞானம் என்றதும் சாலமோன் அரசரையும் படித்த பெரியோரையுமே நாம் நினைக்கின்றோம். எசாயா இறைவாக்கினரோ நம்மை வயலுக்கு அழைத்துச் செல்கின்றார். அவரது நூலின் 28ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசித்துப் பாருங்கள். உழுகிறவன் எந்நாளும் உழுதுகொண்டே இருப்பதில்லை; நிலத்தை மட்டப்படுத்தியதும் சீரகத்தைத் தூவுகிறான், கோதுமையை வரிசையில் இடுகிறான். சூடடிக்கும்போது சீரகத்தின் மேல் வண்டிச் சில்லை உருட்டுவதில்லை. தடியால் தட்டியே எடுக்கிறான். இந்தப் பக்குவத்தைக் கற்றுக் கொடுத்தவர் கடவுளே என்கிறார் எசாயா. பள்ளிக்கூடம் என்று சொல்லவில்லை!

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியபோது காணி, கிணறு, மாடு எல்லாவற்றையும் விட்டு வந்தோம். செம்மண்ணில் பசளைக்காகப் பனையோலை புதைக்கும் பக்குவமும், விதை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிடும் முறையும் நம்மோடு கூடவே வந்தன. நிவாரணப் படிவத்தில் இவற்றை எழுத இடமில்லை. முகாமிலும் வாடகை வீட்டிலும் பிறந்த பிள்ளைகள் பலர் இவற்றைக் கண்டதுமில்லை. காணி முழுவதும் கிடைத்த பிறகு சொல்லிக் கொடுப்போம் என்று காத்திருந்தால், சொல்லத் தெரிந்த அப்புவும் ஆச்சியும் அப்போது இருப்பார்களா? ஒரு பிடி வெங்காயம் போதும். இந்தப் போகத்திலேயே பேரப்பிள்ளையின் கையில் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். முடிச்சுத் தளர்ந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டட்டும்.