சுளுக்கு எடுக்கும் கைக்கு சான்று உண்டா?

ஒலிம்பிக் வரை போய்விட்டது "நெட்டி முறிக்கும்" வைத்தியம். நம் ஊரில் கேட்க ஆள் இல்லை!

சங்கரன்கோவில்—

கால் பிசகினால் சங்கரன்கோவில் வட்டாரத்தில் முதலில் தேடுவது சுளுக்கு எடுப்பவரைத்தான். டாக்டர் வீடு அப்புறம்!

கபடி ஆடிய பையன் கணுக்காலைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தால் போதும். "ஒண்ணுமில்லப்பா, எண்ணெய் போட்டு நீவி விட்டா சரியாப் போயிரும்" என்று பக்கத்தில் நிற்கும் பெரியவர் சொல்லி விடுவார். விசைத்தறியில் நாள் முழுக்க நின்று இடுப்புப் பிடித்துக் கொண்டவருக்கும் அதே யோசனைதான். கோமதி அம்மன் கோவில் புற்றுமண்ணை மருந்தாகப் பூசும் ஊர் இது. கைவைத்தியத்தின் மேல் நம்பிக்கைக்கு இங்கே பஞ்சம் இல்லை.

அந்தக் கை யாருடைய கை? எங்கே படித்த கை? தப்பு நடந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

இந்தக் கேள்விக்கு வெளிநாட்டுக்காரர்கள் பதில் கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சண்டை, கோர்ட்டு, ஜெயில் என்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஒலிம்பிக் மைதானத்துக்குள் நுழைந்தார்கள். அந்தக் கதை சுவாரசியமானது.

"டொக்" என்று ஒரு சத்தம்

வெளிநாடுகளில் இந்த வைத்தியத்துக்குக் "கைரோபிராக்டிக்" என்று பெயர். கிரேக்க மொழியில் கையால் செய்வது என்று அர்த்தம். மருந்து கிடையாது. கத்தி கிடையாது. முதுகெலும்பு, இடுப்பு, தோள் மூட்டுகளைக் கையால் அழுத்தி, திருப்பி, நெட்டி முறிப்பார்கள். "டொக்" என்று சத்தம் கேட்கும்.

எலும்பு உடைந்த சத்தமோ என்று பயப்பட வேண்டாம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வரும் ஓசை அது. விரலைச் சொடுக்கும்போது வருவதும் அதே ஓசைதான்.

1895-ம் ஆண்டு அமெரிக்காவில் அயோவா மாநிலம் டாவன்போர்ட் நகரில் டி.டி.பால்மர் என்பவர் இதை ஆரம்பித்து வைத்தார். பெரும்பாலான வியாதிகளுக்கு முதுகெலும்புதான் காரணம் என்று அவர் சொன்னது இன்று எடுபடாது. ஆனால் இடுப்பு வலிக்கு ஓரளவு குணம் தெரிகிறது என்பதை ஆராய்ச்சிகள் ஒப்புக் கொள்கின்றன. உடற்பயிற்சி, பிசியோதெரபி போன்ற மற்ற சிகிச்சைகளில் கிடைக்கும் பலன் அளவுக்குத்தான் இதிலும் கிடைக்கும். அதிசயம் ஒன்றும் இல்லை.

ஜெயிலுக்குப் போன வைத்தியர்கள்!

ஆரம்ப காலத்தில், லைசென்சு இல்லாமல் வைத்தியம் பார்த்தார்கள் என்று பல கைரோபிராக்டர்களை அமெரிக்க போலீசார் பிடித்து உள்ளே தள்ளினார்கள். ஒவ்வொரு மாநிலமாகச் சட்டம் வந்தது. கடைசியாக லூசியானா மாநிலம் 1974-ல்தான் லைசென்சு கொடுத்தது.

டாக்டர்கள் விடவில்லை. "அவர்களோடு சேர்ந்து வேலை பார்ப்பது தொழில் தர்மம் அல்ல" என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் ஒதுக்கி வைத்தது. சில கைரோபிராக்டர்கள் 1976-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். 11 ஆண்டு இழுத்தது வழக்கு. 1987-ல் தீர்ப்பு வந்தது. ஒரு தொழிலையே ஒழித்துக் கட்ட மருத்துவச் சங்கம் சட்ட விரோதமாக வேலை செய்தது என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

வீரர்கள் திறந்த கதவு

வழக்கு நடக்கும்போதே இன்னொரு வாசல் திறந்தது. திறந்தவர்கள் விளையாட்டு வீரர்கள்!

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆன்டிகுவா என்ற குட்டித் தீவு நாடு, லீராய் பெர்ரி என்ற கைரோபிராக்டரைத் தன் அணியோடு அழைத்து வந்தது. 1980 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் மருத்துவக் குழுவிலேயே ஜார்ஜ் குட்ஹார்ட் இடம் பிடித்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வீரர்கள் தங்கிய கிராமத்தின் ஆஸ்பத்திரியில், பிசியோதெரபிக்குப் பக்கத்திலேயே கைரோபிராக்டிக்கும் இருந்தது.

ஓட்டக்காரருக்கு ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு கூடப் பெரிது. இடுப்பு இறுகினால் பதக்கம் போச்சு. அதனால் தன் உடம்பைத் தெரிந்த கையை விட்டு அவர் வேறு கைக்குப் போகமாட்டார். "இவரை உள்ளே விடுங்கள்" என்று வீரரே கேட்கும்போது நிர்வாகிகளால் தட்ட முடியவில்லை.

உள்ளே விட்டதும் அடுத்த பிரச்சினை வந்தது. எந்தக் கைரோபிராக்டரை விடுவது? அதற்காகவே 1987-ல் சர்வதேச விளையாட்டுக் கைரோபிராக்டிக் சம்மேளனம் பிறந்தது. முதலில் கைரோபிராக்டிக் பட்டம் வேண்டும். அதற்கு மேல் விளையாட்டுக் காயங்கள் பற்றித் தனிப்பாடம், கைப்பயிற்சி, தேர்வு. தேறியவருக்குச் சர்வதேசச் சான்று. 2022-ல் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் நடந்த உலக விளையாட்டுப் போட்டிக்கு இந்தச் சம்மேளனமே குழு அனுப்பியது.

பட்டம் என்றால் லேசுப்பட்டது அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, புதிதாகப் படிக்க வருகிறவருக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் பாடம். அதில் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழக வேண்டும்.

கழுத்தில் கை வைத்தால்...

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம்.

2016-ல் அமெரிக்காவில் 34 வயது மாடல் அழகி ஒருவர் கழுத்து வலிக்காகக் கைரோபிராக்டரிடம் போனார். சில நாட்களில் பக்கவாதம் வந்து இறந்து போனார். கழுத்தைத் திருப்பியதில் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்ததே காரணம் என்று பிரேத விசாரணை அதிகாரி முடிவு சொன்னார்.

இது அபூர்வமாக நடப்பதுதான். ஆனால் படித்து, லைசென்சு வாங்கிய கையிலேயே இப்படி நடக்குமானால், படிக்காத கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முடி வெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பி "மடக்" என்று நெட்டி முறிக்கச் சொல்லுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நம் நாட்டில் என்ன நிலைமை?

இந்தியாவில் 2021-ல் ஒரு சட்டம் வந்தது. பிசியோதெரபி உள்பட மருத்துவம் சார்ந்த பல தொழில்களுக்குத் தேசிய கமிஷன், பாடத்திட்டம், பதிவேடு எல்லாம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதன் பட்டியலில் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். கைரோபிராக்டர் இல்லை!

நகரங்களில் கைரோபிராக்டிக் போர்டுகள் பெருகிவிட்டன. வெளிநாட்டில் முறையாகப் பட்டம் வாங்கி வந்தவரும் இருக்கிறார். சில நாள் வகுப்பு போய்விட்டு போர்டு மாட்டியவரும் இருக்கிறார். வாசலில் நிற்கிறவருக்கு இரண்டு போர்டும் ஒன்றுதான். முறையாகப் படித்தவருக்குத்தான் இதில் பெரிய நஷ்டம்.

பட்டியலில் இருப்பவர்களுக்கும் மரியாதைப் போராட்டம் ஓய்ந்தபாடில்லை. பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன் "டாக்டர்" போடக் கூடாது என்று 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் கடிதம் எழுதியது. மறுநாளே அது நிறுத்தி வைக்கப்பட்டது!

வர்மம் தெரிந்த மண்

தென்பாண்டிச் சீமைக்கு இது ஒன்றும் புதிய கலை அல்ல. உடம்பில் 108 வர்ம இடங்கள் உண்டு, அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்குச் சொன்ன ஆசான்கள் வாழ்ந்த மண் இது. அடிமுறையும் தெரியும், அடிபட்டால் எடுக்கவும் தெரியும் என்பது அவர்கள் பெருமை.

இந்தக் கலைக்குச் சட்டம் ஒரே ஒரு வாசலைத்தான் திறந்து வைத்திருக்கிறது. அது சித்த மருத்துவப் படிப்பு. திருநெல்வேலி பஸ் ஏறினால் எட்டிவிடும் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அங்கே வர்மமும் பாடம்தான். படித்துத் தேறியவர் கவுன்சிலில் பதிவு செய்து, பகிரங்கமாக வைத்தியம் பார்க்கலாம்.

அப்பாவிடம் தொழில் கற்றுக்கொண்டவர் கதி? 2018 ஏப்ரலில் கேரள பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. தகுதியும் பதிவும் இல்லாமல் வைத்தியம் பார்ப்பது மக்கள் உயிரோடு விளையாடுவது என்றது கோர்ட்டு. பரம்பரை என்ற ஒரே காரணம் போதாது.

கை சுத்தமான ஆசான்களுக்கு இது வேதனைதான். அவர்கள் கையில் இருக்கும் பழக்கத்தைச் சோதித்துப் பார்த்து, தேறியவருக்குச் சான்று கொடுக்கும் வழி பிறக்காவிட்டால் நல்ல கையும் கெட்ட கையும் ஒரே கூடைக்குள்தான் கிடக்கும்.

நம் பையன்களுக்கு எதற்கு?

பக்கத்து ஊர் கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போனது. அந்த ஊர் மாரீஸ்வரன் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடி வெண்கலத்தோடு திரும்பினார். நாளைக்குச் சங்கரன்கோவில் பையனும் அந்த மைதானத்தில் நிற்கலாம்.

அந்த உயரத்தில் யார் வேண்டுமானாலும் வீரரைத் தொட்டுவிட முடியாது. ஈட்டி எறியும் நீரஜ் சோப்ராவோடு போட்டிக்குப் போட்டி இஷான் மர்வாகா என்ற பிசியோதெரபிஸ்ட் போனார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகள் வீரரை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. வைத்தியம் பார்க்கிறவரையும் கட்டுப்படுத்துகின்றன. இன்னது சேர்ந்தது என்று தெரியாத லேகியத்தைக் கொடுத்து, சோதனையில் தடை செய்த மருந்து தெரிந்தால் "வைத்தியர் கொடுத்தார், சாப்பிட்டேன்" என்பது எடுபடாது. தடை பையனுக்கு!

பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் துரோணாச்சாரியார் விருது உண்டு. வீரரை எழுப்பி நிற்க வைக்கும் கைக்குத் தேசிய விளையாட்டு விருதுகளில் தனி இடம் கிடையாது. விருது கூட அப்புறம் வரட்டும். முதலில் ஒரு பதிவேடு வர வேண்டும்.

அதுவரை என்ன செய்யலாம்?

அடிபட்ட காலில் நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் எண்ணெய் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம். எலும்பு விரிந்த இடத்தில் நீவினால் விரிசல் பெரிதாகும்.

இடுப்பு வலியோடு கால் மரத்துப் போனால், சிறுநீர் தெரியாமல் போனால், ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிதான்.

கழுத்தைத் திருப்ப யாரையும் லேசில் விடக் கூடாது.

யாரிடம் போனாலும், "அண்ணாச்சி, எங்கே படிச்சீங்க? பதிவு நம்பர் என்ன?" என்று கேட்பதில் தப்பே இல்லை. முறையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார். சுவரில் மாட்டி வைத்திருக்கும் சான்றைக் காட்டுவார். சீறி விழுந்தால், செருப்பை மாட்டிக் கொண்டு வந்துவிடலாம்!