விடியற்காலை நான்கு மணி ஆக்சிஜன்

ஓட்டப்பிடாரம் என்றதும் கரிசலும் வ.உ.சி.யும்தான் நினைவுக்கு வருவார்கள். அதே தாலுகாவின் கிழக்கோரம் தருவைக்குளத்தில் கடலைத் தொடுகிறது. உப்பளங்கள் நிறைந்த அந்தக் கரையில் இறால் பண்ணைகளும் உண்டு. வெயிலும் உப்பும் ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்திருக்கும், கடல்நீரோ 6.2 தான். பகலில் நுண்பாசி ஆக்சிஜனைத் தரும், இரவில் அதுவும் சேர்ந்து சுவாசிக்கும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் ஆபத்து. 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறால் சோர ஆரம்பிக்கும். ஆகவே ராத்திரி முழுக்கக் குளத்தில் கிடந்து அளக்கும் கருவியே வேண்டும் என்பது என் கட்சி.

கரைந்த ஆக்சிஜனை அளக்க 1888-ல் வந்த விங்க்லர் முறை இன்றும் துல்லியமானது. ஆனால் ஒவ்வொரு முறையும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ரசாயனம் சேர்க்க வேண்டும். 1956-ல் வெளியான கிளார்க் மின்முனை, தான் அளக்கும் ஆக்சிஜனையே தின்னும். தண்ணீர் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அடிச்சேற்றிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு அதைக் கெடுத்துவிடும். ஒளிர்வு சென்சாரில் இந்தத் தொல்லைகள் இல்லை. அதன் நுனியில் ருத்தீனியம் அல்லது பிளாட்டினம் சேர்மம் கலந்த மெல்லிய பூச்சு இருக்கும். நீல ஒளி பட்டதும் அது சிவப்பாக ஒளிரும். ஆக்சிஜன் மோதினால் ஆற்றலைப் பறித்து ஒளிர்வைச் சீக்கிரம் அணைத்துவிடும். ஆக்சிஜன் கூடக் கூட அணையும் நேரம் குறையும்; நல்ல கருவிகள் பிரகாசத்தை விட்டுவிட்டு அந்த மைக்ரோ விநாடிகளைத்தான் அளக்கின்றன. பூச்சு கொஞ்சம் வெளுத்தாலும் கணக்கு எளிதில் பிசகாது.

இறால் மேலே வந்தாலே தெரிந்துவிடுமே என்பார்கள். அது மேலே வருவதே மூச்சுமுட்டிய பிறகுதான். இரவெல்லாம் தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் ஓடுகிறதே என்றால், எது நின்றுபோனது, ஓடுவது போதுமா என்பதை யார் சொல்வது? விலை அதிகம் என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. ஆகவே எல்லாக் குளத்துக்கும் வேண்டாம், இறால் நெருக்கம் அதிகமான குளத்தில் ஒன்று போதும். பாசி படிந்தால் மெல்லிய துணியால் துடைக்கவும் வேண்டும்.

உப்புத்தன்மைதான் பெரிய பொறி. இந்த சென்சார் உணர்வது ஆக்சிஜனின் அழுத்தத்தை. மில்லிகிராமாக மாற்ற உப்பின் அளவைக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் 6.2 இருக்கும் தண்ணீரை 7.5 என்று காட்டும். வாங்குவோர் உப்புத் திருத்தம் உண்டா, பூச்சுள்ள நுனி மூடியை மாற்ற எவ்வளவு ஆகும் என்ற இரண்டையும் கேட்டுவிட்டே பணம் கொடுக்கட்டும்.