டர்போ காருக்கு ஆயில்தான் உயிர்!

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சேமித்த பணத்தில் புதிதாகக் கார் வாங்கியிருக்கிறார்கள். பெட்ரோல் கார். அதன் முதுகில் "டர்போ" என்று எழுதியிருக்கிறது.

கார் எங்கே போகிறது? காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். மாலையில் காவிரிப் பாலம் தாண்டித் தெப்பக்குளத்துக்குப் போக வேண்டும். எல்லாம் நாலைந்து கிலோ மீட்டர்தான்.

ஒரு வருஷம் ஆகிறது.

"என்னங்க, காருக்கு ஆயில் மாற்ற வேண்டாமா?" என்று மனைவி கேட்கிறாள்.

"பத்தாயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். நம் கார் நாலாயிரம்தானே ஓடியிருக்கிறது? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் கணவர்.

மனைவி கேட்டதுதான் சரி. அது ஏன் என்று பார்ப்போம்.

புகையில் சுற்றும் சக்கரம்

என்ஜினில் பெட்ரோல் எரிகிறது. எரிந்த புகை குழாய் வழியாக வெளியே பாய்கிறது. அந்த வேகம் வீணாகத்தானே போகிறது? டர்போ அதைப் பிடித்து வேலை வாங்குகிறது. புகை பாயும் வழியில் ஒரு சின்னச் சக்கரம். அதே தண்டின் மறு முனையில் இன்னொரு சக்கரம். புகை முதல் சக்கரத்தைச் சுற்றுகிறது. இரண்டாவது சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகம் எரியும். பலமும் கூடும்.

பழைய அம்பாசிடர் காரை நினைத்துப் பாருங்கள். 1489 சி.சி. என்ஜின், ஏறக்குறைய 50 குதிரைத் திறன். 2019-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகத் தொடங்கிய ஹூண்டாய் வென்யூ டர்போ காரின் என்ஜின் 998 சி.சி.தான். பலமோ 120 குதிரைத் திறன்! இந்த வித்தையைக் கண்டுபிடித்து 1905-ல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பூச்சி.

அந்தச் சின்னச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றும் தெரியுமா? நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை! அதன்மேல் படும் புகையின் சூடு 900 டிகிரிக்கு மேலும் போகும். இந்த வேகத்தில் இரும்பும் இரும்பும் உரசினால் என்ன ஆகும்? நொடியில் தேய்ந்துவிடும். உரசாமல் காப்பது ஆயில்தான். மெல்லிய ஆயில் படலத்தின்மேல் அந்தத் தண்டு மிதந்துகொண்டே சுற்றுகிறது. அந்த ஆயில் வருவது என்ஜினிலிருந்து. ஒரு சின்னக் குழாய் வழியாக. ஆயில் கெட்டுப் பிசுக்குப் பிடித்தால் அந்தக் குழாய் அடைபடும். பிறகு டர்போவுக்கு ஆயுள் இல்லை.

நாலாயிரம் கிலோ மீட்டரில் ஆயில் கெடுமா?

கெடும். பச்சைத் தண்ணீராக இருக்கும் என்ஜினில் பெட்ரோல் முழுவதும் எரிவதில்லை. மிச்சம் பிஸ்டன் ஓரமாக வழிந்து ஆயிலில் கலக்கிறது. ஈரமும் சேர்கிறது. நீண்ட தூரம் ஓடினால் சூட்டில் இவை ஆவியாகிவிடும். நாலு கிலோ மீட்டரில் நிறுத்தினால் அப்படியே தங்கிவிடும். ஆயில் நீர்த்துப் போகும்.

"திருச்சி வெயிலில் என்ஜின் எங்கே குளிர்ந்திருக்கப் போகிறது?" என்று கேட்பீர்கள். நமக்கு 40 டிகிரி கொளுத்தும் வெயில். என்ஜினுக்கு 90 டிகிரி வந்தால்தான் வேலைக்கேற்ற சூடு!

அதனால்தான் கார் புத்தகத்தில், இத்தனை கிலோ மீட்டர் "அல்லது" இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது, என்று போட்டிருக்கிறார்கள். குறுகிய தூரமே ஓடும் காருக்கு இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லும் பகுதி அதே புத்தகத்தில் வேறொரு பக்கத்தில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

பொன்மலையில் பாருங்கள்

டர்போ நம் ஊருக்குப் புதிதல்ல. 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே தொழிற்சாலை பொன்மலைக்கு வந்தது. நீராவி போய் டீசல் வந்தபோது, கூடவே டர்போவும் வந்தது. 1962-ல் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய "ஆல்கோ" வகை ரயில் என்ஜின் 2600 குதிரைத் திறன் கொண்டது. அதற்கும் டர்போ உண்டு.

அந்த வகை என்ஜினை நிறுத்தியதும் டீசல் ஷெட் தொழிலாளிகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். டர்போ தானாகச் சுற்றி ஓய்வதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது? ஒன்றரை நிமிஷமாவது சுற்ற வேண்டும். அதற்கு முன்பே நின்றுவிட்டால் உள்ளே கோளாறு என்று அர்த்தம். பின்னால் வந்த "ஜி.எம்." வகையில் இன்னும் ஓர் ஏற்பாடு. என்ஜின் நின்ற பிறகும் தனி பம்ப் ஒன்று 35 நிமிஷம் டர்போவுக்கு ஆயில் ஊற்றும்!

உங்கள் காருக்கு 35 நிமிஷம் வேண்டாம். சென்னையிலிருந்து நாற்கர சாலையில் விரைந்து வருகிறீர்கள். விக்கிரவாண்டியில் காபி குடிக்க நிறுத்துகிறீர்கள். சாவியைத் திருப்புவதற்கு முன் ஒரு நிமிஷம் என்ஜினைச் சும்மா ஓட விடுங்கள். டர்போவின் சூடு தணியும். உள்ளே நிற்கும் ஆயில் கருகாது. ஊருக்குள் மெதுவாக வந்து வீட்டு வாசலில் நிறுத்தினால் இதுவும் தேவையில்லை. தெருவில் ஐந்து நிமிஷம் உறும விட்டுப் பக்கத்து வீட்டாரின் தூக்கத்தைக் கெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது வெறும் பெட்ரோல் செலவு!

அமெரிக்காவில் நடந்த கதை

1962-ல் அமெரிக்காவில் "ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர்" என்ற டர்போ பெட்ரோல் கார் வந்தது. அதற்கு ஒரு தனித் திரவம் ஊற்ற வேண்டும். காய்ச்சி வடித்த நீரும் மெத்தனால் என்ற சாராயமும் கலந்தது. அளவு மீறிய சூட்டில் பெட்ரோல் வெடித்து என்ஜினைத் தட்டாமல் அது காக்கும். வாங்கியவர்களில் பலர் ஊற்ற மறந்தார்கள். திரவம் தீர்ந்ததும் டர்போவின் அழுத்தம் தானாகக் குறைந்தது. "கார் இழுக்கவில்லை" என்று புகார் குவிந்தது. 1963-உடன் அந்தக் கார் நின்றே போயிற்று. பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டினார்கள்.

இன்றைய கார் திரவம் கேட்பதில்லை. நல்ல ஆயில் கேட்கிறது. கார் புத்தகத்தில் சொன்ன ரகத்தையே ஊற்றுங்கள். 2020-ல் வந்த "ஏ.பி.ஐ. எஸ்.பி." முத்திரை, சின்ன டர்போ என்ஜின்களில் பெட்ரோல் முந்தி எரிந்து பிஸ்டனை உடைக்கும் கோளாறையும் மனதில் வைத்து வகுத்தது. ஓட்டுகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. பாலத்து நெரிசலில் நாலாவது கியரில் ஊர்ந்துகொண்டே ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். கியரைக் குறையுங்கள்.

ரேடியேட்டரில் காவிரித் தண்ணீரே ஆனாலும் வேண்டாம், கூலண்ட்தான். காற்று வடிகட்டியில் புழுதி அடைந்தால் டர்போ மூச்சு முட்டும்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தார் போலக் கரும்பிசுக்கு ஒட்டியிருக்கிறதா? ஓட்டும்போது சைரன் போல ஊளை கேட்கிறதா? பின்னால் நீலப்புகை வருகிறதா? விற்பவரிடம் ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். தேதி வாரியாகப் பாருங்கள். ஆயில் மாற்ற ஆகும் செலவு சில ஆயிரம். டர்போ மாற்றுவதென்றால் பல பத்தாயிரம். ரசீது இல்லையென்றால் அந்தப் பல பத்தாயிரத்தையும் விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்!