கடையாணியும் திருகாணியும்

தேவாரத்தின் மலையடிவாரத்து மானாவாரி நிலங்களில் உழுவோர், கலப்பை கல்லில் தட்டும் ஓசையை நன்கு அறிவர். அவ்வதிர்ச்சியை முதலில் ஏற்பது கொழு. அடுத்தபடி ஏற்பவை பாகங்களைப் பிணைத்து நிற்கும் ஆணிகள். ஆயினும் பெருந்தொகை கொடுத்துக் கருவி வாங்கிய மிராசுதாரரும், ஓர் ஆணி தொலைந்தால் கையில் அகப்பட்ட கம்பியை முறுக்கிவிட்டு வேலையை நடத்துவது வழக்கமாயிருக்கிறது.

அசையாதிருக்க வேண்டிய பாகங்களுக்கு இறுக்கமே பிரதானம். கொழுவின் திருகாணி தளர்ந்தால் துவாரம் நாளடைவில் நீண்டு தேயும். பின்னர்ப் புது ஆணி போட்டும் நிற்காது. சுழலும் பாகங்களின் சங்கதி வேறு. வண்டியின் கடையாணி சக்கரத்தை இறுக்குவதில்லை. அச்சைவிட்டுக் கழலாதபடி மறித்து நிற்கிறது, அவ்வளவே. டிராக்டரில் டிரெயிலரைப் பூட்டும் இரும்பு முளைக்கும் இதுவே முறை. அதன் அடிநுனியிற் செருகும் சிறு கிளிப்பு இல்லையேல், பள்ளத்தில் குலுங்கும்போது முளை மேலெழும்பி வெளியேறலாம். மலைச்சரிவில் பாரவண்டி பிரிந்து ஓடினால் நேரும் ஆபத்தை விவரிக்க வேண்டுவதில்லை.

ஒடிவதற்கென்றே அமைந்த ஆணியும் உண்டு. டிராக்டரின் சுழற்சியை ரோட்டவேட்டர் முதலிய கருவிகளுக்குக் கொண்டுசெல்லும் தண்டுகள் சிலவற்றில் மெலிந்த திருகாணி ஒன்றைப் பொருத்துகிறார்கள். கல் சிக்கினால் அது அறுந்து, பற்சக்கரங்களைக் காப்பாற்றும். அடிக்கடி அறுகிறதென்று கெட்டியான ஆணியை மாட்டுவோர், அடுத்த முறை பற்சக்கரப் பெட்டியையே பழுதுபார்க்க நேரும்.

மரைகளின் கலப்பும் பெருந்தொல்லை. இங்கிலாந்தில் விட்வொர்த் 1841-ல் வகுத்த அளவுப்படி, அரை அங்குல ஆணிக்கு அங்குலத்திற்கு 12 மரைகள். மரைக்கு மரை இடைவெளி ஏறக்குறைய 2.12 மில்லிமீட்டர். இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் மெட்ரிக் அளவை பரவியது. இதில் 12 மில்லிமீட்டர் ஆணியின் சாதாரண மரை இடைவெளி 1.75 மில்லிமீட்டர். இவ்வாணியை அரை அங்குல நட்டில் திருகினால் ஒன்றிரண்டு சுற்று நுழையும்; பொருந்தியதுபோலத் தோன்றும்; பாரம் விழுந்தால் மரை சிதையும். ஆதலின் போடி, கம்பம் கடைகளுக்குச் செல்வோர் பழைய ஆணியையும் நட்டையும் கையோடு கொண்டுபோதல் நலம்.

ஏலத்தோட்டங்களில் மருந்து தெளிக்கும் இஞ்சின்களில் அதிர்வினாலேயே நட்டுகள் கழலும். நைலான் வளையமுள்ள நட்டு இதற்கு உகந்தது. புகைக்குழாயருகே மட்டும் உபயோகிக்கலாகாது, வெப்பத்தில் நைலான் இளகிவிடும். ஒருமுறை விரித்துக் கழற்றிய ஸ்பிளிட் பின்னை மீண்டும் செருகாமல் புதியது போடவேண்டும். வாடகைக்கு வரும் கருவிகளிலும் வயலில் இறக்குமுன் இவற்றைப் பார்வையிடுமாறு கிராம அதிகாரிகள் குடியானவர்களுக்கு எடுத்துரைக்கலாம்.