வீட்டில் ஒரு சர்வர் – 4: வேகம் பார்க்காதீர்கள், ஆயுளைப் பாருங்கள்

பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பையே சர்வராக்கிக்கொள்ளலாம் என்று சென்ற வாரம் முடிவு செய்தோம். கரண்ட் போனால் அதன் பேட்டரியே கொஞ்ச நேரம் தாங்கும். இனி அதில் எந்த இயங்குதளத்தைப் போடுவது?

எது வேகமானது என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். ஒரு சிறு வலைத்தளத்தையும் குடும்பப் புகைப்படங்களையும் அனுப்பிவைக்க எந்த இயங்குதளமும் போதும். வேகம் குறைந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டு இணைப்பின் அப்லோடு அளவாகத்தான் இருக்கும். நான் கேட்கச் சொல்வது இரண்டே கேள்விகள். பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டுகளுக்கு வரும்? நாம் கை வைக்காமல் அவை தாமாகவே ஏறிக்கொள்ளுமா?

இணையத்துக்குத் திறந்துவிட்ட சர்வரின் பதிவுக் கோப்பை ஒருமுறை பார்த்தால் இந்தக் கேள்விகளின் அவசரம் புரிந்துவிடும். தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான எஸ்எஸ்ஹெச் வழியைத் திறந்து அதிக நேரம் ஆகியிருக்காது. உலகின் எந்தெந்த மூலையிலிருந்தோ யாரோ 'ரூட்' என்ற பெயரில் நுழையப் பார்த்திருப்பார்கள். அடுத்த வரியில் 'அட்மின்', அதற்கடுத்து 'டெஸ்ட்', பிறகு 'பை'. ராஸ்பெர்ரி பையில் 2022 வரை இயல்பாகவே இருந்த பயனர் பெயர் அது. கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவர்களைத் தேடி இன்றும் அலைகிறார்கள். தட்டுபவை எல்லாம் தானியங்கி நிரல்கள். உங்கள் வீடு சின்னது என்று அவை விட்டுவிடுவதில்லை. ஆகவே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட சில நாட்களுக்குள் அடைபட்டுவிட வேண்டும், நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும்.

ஆயுள் என்று வரும்போது சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2019 செப்டம்பரில் அதன் 8ஆம் பதிப்பு வெளிவந்தபோது, 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும் என்று நம்பி நிறுவியவர்கள் ஏராளம். 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது: 2021 முடிவோடு சரி. அந்தத் திட்டம் ரெட் ஹாட் நிறுவனத்தின் கையில் இருந்தது, நிறுவனம் தன் கணக்கை மாற்றிக்கொண்டது. அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் அந்த வெற்றிடத்தில்தான் பிறந்தன. இயங்குதளத்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அன்று பலருக்கும் உறைத்தது.

அதனால் நான் கைகாட்டுவது டெபியனை. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் திட்டம் இது. நிறுவனம் எதுவும் இதற்கு முதலாளி இல்லை. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், தலைவரை ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு 'ஸ்டேபிள்' பதிப்பு வரும். அதற்கு மூன்று ஆண்டு முழு ஆதரவு, பின்பு இரண்டு ஆண்டு நீட்டிப்பு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கு 2030 வரை கவலையில்லை.

டெபியன் ஸ்டேபிளில் எல்லாம் பழைய பதிப்பாக இருக்கிறதே என்று குறைப்படுவோர் உண்டு. எண் பழையதுதான். ஆனால் பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தத்தை மட்டும் எடுத்து அதே பதிப்பில் ஒட்டிவிடுகிறார்கள். புது வசதி நுழையாது, ஓடிக்கொண்டிருப்பது உடையாது. இந்த நிதானத்தின் மதிப்பு 2024 மார்ச்சில் தெரிந்தது. ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற நிரலாளர் டெபியனின் 'அன்ஸ்டேபிள்' பதிப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். எஸ்எஸ்ஹெச் உள்நுழைவுக்கு 0.3 நொடிக்குப் பதில் 0.8 நொடி ஆனது. அந்த அரை நொடியை அவர் விடாமல் துரத்திப் போனார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலுக்குள் யாரோ ஒரு பின்வாசல் வைத்திருந்தார்கள். வைத்தவர் ஆண்டுக்கணக்கில் அந்தத் திட்டத்துக்கு உதவி, நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பாளராகவே ஆகியிருந்த ஆள்! புதியதை உடனுக்குடன் எடுத்துக்கொள்ளும் பல லினக்ஸ்களுக்குள் அது போய்ச் சேர்ந்திருந்தது. டெபியன் ஸ்டேபிளை அது எட்டவே இல்லை. வீட்டு சர்வருக்கு ஸ்டேபிள்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

உபுண்டு ஏற்கெனவே பழக்கம் என்றால் அதன் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பைத் தாராளமாகப் போடலாம். டெபியனிலிருந்து உருவானதுதான், ஐந்தாண்டு ஆதரவும் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த ஐந்தாண்டு உறுதி முதன்மைத் தொகுப்பில் உள்ள மென்பொருள்களுக்குத்தான். 'யுனிவர்ஸ்' தொகுப்பில் உள்ளவற்றுக்கும் உறுதியாகத் திருத்தம் வேண்டுமென்றால் உபுண்டு ப்ரோவில் பதிய வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம்.

ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மீது எனக்குத் தனி மரியாதை. பாதுகாப்பையே மூச்சாகக் கொண்டு எழுதப்பட்டது, வலை சர்வரும் அதனுடனேயே வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் சுமார் ஓராண்டுதான் திருத்தம். ஆண்டுக்கு ஒருமுறையாவது தவறாமல் உட்கார்ந்து மேம்படுத்துவேன் என்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். விண்டோஸ் வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் நின்றுபோனதும், 11ஐ ஏற்கத் தகுதியில்லாததும்தானே பல லேப்டாப்புகள் பரணுக்குப் போகக் காரணம்.

டெபியனை நிறுவும்போது மூன்று இடங்களில் நிதானியுங்கள். ரூட் கடவுச்சொல் கேட்கும் திரையில் எதுவும் தட்டாமல் காலியாக விட்டு அடுத்ததற்குப் போங்கள். ரூட் கணக்கு பூட்டப்பட்டு, நீங்கள் உருவாக்கும் பயனருக்கு சூடோ (நிர்வாகி) அதிகாரம் கிடைத்துவிடும். மென்பொருள் தேர்வுத் திரையில் டெஸ்க்டாப்புக்கான டிக்குகளை எடுத்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் சர்வரையும் அடிப்படைக் கருவிகளையும் மட்டும் டிக் செய்யுங்கள். நிறுவி முடித்ததும் 'அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' என்ற தொகுப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் போடுங்கள். திருத்தங்களை அது தானாக ஏற்றும். ஆனால் கெர்னல் மாறினால் ரீபூட் செய்தால்தான் புதியது நடைமுறைக்கு வரும். தானாக ரீபூட் ஆகும் வசதி அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கி, விடிகாலை 4 மணி என்று நேரம் குறித்துவிடுங்கள்.

லேப்டாப் என்பதால் இன்னொரு வேலையும் இருக்கிறது. மூடியைச் சாத்தினால் அது தூங்கிவிடும், தளமும் அதோடு போய்விடும். 'லாகின்டி' அமைப்புக் கோப்பில் மூடியைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரியை மாற்றிவிட்டுச் சாத்துங்கள். அடுத்த வாரம் ரவுட்டர்.

(தொடரும்)