கட்டணம் அதே 5 லட்சம், தடுப்புச் சுவர் மட்டும் பாதி

கட்டபெட்டு பக்கம் ஒரு மனைப்பிரிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதைக்குத் தடுப்புச் சுவரும் மழைநீர் வடிகாலும் வேண்டும். அதற்கு 5 லட்சம் ரூபாய் தருவதாக மனை போடுபவர் உள்ளாட்சியிடம் எழுதிக் கொடுக்கிறார். பணம் வருவதோ ஐந்து வருஷம் கழித்து. சிமென்ட், கம்பி எல்லாம் சமவெளியிலிருந்து மலை ஏறி வரணும். லாரி வாடகையும் சேரும். கட்டுமானச் செலவு ஆண்டுக்கு 6% கூடினால், அதே வேலைக்கு அப்போது சுமார் 6.69 லட்சம் ஆகும். குறையும் 1.69 லட்சத்தை யார் போடுவது? ஊர்ப் பணம்தான். இல்லையென்றால் சுவர் பாதியில் நிற்கும்.

தமிழ்நாட்டில் கட்டுபவர் செலுத்தும் தொகைகளை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

1. சதவீதம்: கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கு வசூலிக்கும் 1% தொகை. இது செலவைப் பொறுத்தது. செலவு கூடினால் தானே கூடும்.

2. நில மதிப்பு: 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள இடத்தில், சாலை போக 10% திறந்தவெளியாகத் தரணும், அல்லது அதற்கு வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். ஆனால் இந்த மதிப்பு இறங்கவும் செய்யும். 2017 ஜூனில் 33% குறைத்தார்கள். 2023 ஏப்ரலில்தான் பழைய அளவுக்குத் திருப்பினார்கள்.

3. சதுர மீட்டருக்கு இவ்வளவு ரூபாய்: 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வரும் வளர்ச்சிக் கட்டணம் இந்த மாதிரி. விகிதத்தைத் திருத்தும்வரை தொகை அசையாது. விலைவாசி ஏற ஏற, அதன் மதிப்பு தேயும்.

மூன்றாவது வகைக்கு இங்கிலாந்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2010-இல் அங்கே வந்த உட்கட்டமைப்பு வரியை, கட்டுமானச் செலவுக் குறியீட்டோடு இணைத்துவிட்டார்கள். கணக்கு சுலபம்: அட்டவணைத் தொகையை, அனுமதி தரும் ஆண்டின் குறியீட்டு எண்ணால் பெருக்கி, அட்டவணை வந்த ஆண்டின் எண்ணால் வகுக்கணும். எண் 100-லிருந்து 134 ஆனால், 5 லட்சம் 6.7 லட்சமாகும். குறியீடு இறங்கினால் கட்டுபவருக்கும் லாபம். அதனால் இது இரண்டு பக்கமும் நியாயமான கணக்கு.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

• வீடு கட்டுபவரா? கட்டணக் கேட்பு அறிவிப்பில் எந்தத் தேதி விகிதம், எத்தனை நாளுக்குள் கட்டணும் என்று முதலில் பாருங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

• மனை வாங்குபவரா? சாலையும் திறந்தவெளியும் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதப்பட்டதா என்று கேளுங்கள். நிலமாக வந்ததை விலைவாசி தின்னாது.

• ஊர்க்காரரா? மே 1, ஆகஸ்ட் 15 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு வரணும், எப்போது வரணும், தாமதமானால் தொகை கூடுமா? பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடலாம்.

ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே ‘கட்டும் நாளின் விலைவாசிக்கு ஏற்ப’ என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் போதும். கையெழுத்தான பிறகு அதைச் சேர்ப்பது கஷ்டம்.